இருபத்து நான்கில் ஒன்று

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. பெரும்பாலும் கதைத்தபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



போன மாதம் இதே இடத்தில் நின்று ஒரு டொக்ரர் சலரோகத்தைப் பற்றிக் கதைத்தார். அதற்கு முதல் மாதம் வரிப் படிவம் நிரப்புவதைப் பற்றி ஒரு அக்கா கதைத்தா. இரண்டும் எல்லோருக்கும் தேவையான விசயங்கள். இந்த மாதம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீர் அந்தச் சின்னக் கார் செய்யிறதைப் பற்றிக் கதையும். சனம் கொஞ்சம் சிரிச்சுப் போட்டுப் போகட்டும்" என்றார். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இந்தச் சபையிடம் கேட்க எனக்கு ஒரு விசயம் இருக்குது. அதைக் கடைசியில் கேட்பேன். அதுவரைக்கும் ஒருவரும் தேத்தண்ணிக்கு எழும்ப வேண்டாம்!

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் உயர்தரம் வரைக்கும் படித்தவன். கணிதப் பிரிவு. 2007இல் சோதனை எழுதினேன். அதற்குப் பிறகு படிப்பு ஏன் தொடரவில்லை என்று இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2011இல் ஜேர்மனிக்கு வந்து, ஹைமில் இருந்து, டொச் படித்து, இப்போது ஒரு ரப்பர் பிர்மாவில் மூன்று சிவ்ற் வேலை. கார்க் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் ஓடுது அல்லவா, மழைத் தண்ணி உள்ளுக்குப் போகாமல்? அந்தச் சீலின் மூலைத் துண்டு அச்சில் வார்த்து வரும். அச்சின் இரண்டு பாதியும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிசிறை வெட்டி, தடவிப் பார்த்து, பெட்டிக்குள் போடுவதுதான் என் வேலை. ஒரு துண்டுக்கு அரை நிமிசம். அடுத்த துண்டு. அதற்கு அடுத்த துண்டு. அந்தச் சீல் எந்தக் காருக்குப் போகுது என்று பெட்டியின் நம்பரைப் பார்த்துத்தான் தெரியும். நான் தொட்ட சீல் பூட்டின கார் ஒன்றை இதுவரைக்கும் கண்ணால் கண்டு, "இது என்ர" என்று சொன்னது கிடையாது.

இது குறை சொல்லுகிற கதை இல்லை. சம்பளம் நேரத்துக்கு வருகுது, பிள்ளை படிக்கிறான். ஆனால் ஒரு மனுசன் எட்டு மணித்தியாலம் ஒரு பொருளின் ஒரு மூலையை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டுக்கு வரும்போது கைக்கு ஒரு பசி இருக்கும். வயிற்றுப் பசி வேறு, இது வேறு. சிலர் அதற்கு ரிவி போடுவார்கள். சிலர் போத்தலைத் திறப்பார்கள். எனக்கு 2013இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளோமார்க்ட்டில் பழைய சாமான் குவியலுக்குள், இன்னும் திறக்காத பெட்டி ஒன்று அகப்பட்டது. மேலே போர்ஷ 911 படம். உள்ளுக்குள் சட்டம் சட்டமாகப் பிளாஸ்ரிக் துண்டுகள். ஒரு துண்டை எடுத்துத் தடவிப் பார்க்கிறேன், நடுவில் ஒரு கோடு ஓடுது. அதே பிசிறு! அச்சின் இரண்டு பாதி சந்திக்கிற அதே இடம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிர்மாவில் அரை நிமிசத்தில் வெட்டுகிற பிசிறை இங்கே ஒரு பின்னேரம் முழுக்க இருந்து வெட்டலாம், ஒருவரும் மணிக்கூடு பார்க்க மாட்டார்கள்.

இது என்ன சாமான் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். கடையில் செய்து முடித்து விற்கிற விளையாட்டுக் கார் இல்லை இது. உண்மையான காரை அளந்து, அந்த அளவுகள் எல்லாவற்றையும் 24ஆல் பிரித்து, துண்டு துண்டாக வார்த்துத் தருவார்கள். நிறம் இல்லை, பூட்டு இல்லை. எல்லாம் நாங்கள்தான். 24 என்ற கணக்கு அங்குலத்தால் வந்தது. ஓர் அடிக்கு அரை அங்குலம். இன்றைக்கு நான் கொண்டு வந்திருக்கிறது பெராரி எஃப்-40. உண்மைக் காரின் நீளம் 4358 மில்லிமீற்றர். 24ஆல் பிரியுங்கள் பிள்ளைகளே... யார் முதலில்? ஓம், 181 மில்லிமீற்றரும் கொஞ்சமும். என் கைச் சாணுக்குள் அடங்கும்.

இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் தமியா என்கிற ஜப்பான் கொம்பனி, சிசுவோக்கா என்ற ஊரில். அவர்களுடைய கதையும் கேட்க வேண்டிய கதைதான். 1946இல், போர் முடிந்த கையோடு, மரம் அரிந்து விற்கிற கொம்பனியாகத் தொடங்கினார்கள். பக்கத் தொழிலாக மரத்தில் மொடல்கள். 1951இல் நெருப்புப் பிடித்து மரக் களஞ்சியம் எரிந்து போயிற்று. 1953இல் மர வியாபாரத்தை விட்டுவிட்டு மொடலையே முழுத் தொழிலாக எடுத்தார்கள். பிறகு பிளாஸ்ரிக் வந்தது, மரத்துக்கு மவுசு போயிற்று. 1960இல் முதல் பிளாஸ்ரிக் கிட், யமாத்தோ என்கிற போர்க்கப்பல். தொடங்கினவரின் மகன் சுன்சாக்கு தமியாதான் கொம்பனியை உலகம் அறியச் செய்தவர். அவர் 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார். 1976இல் போர்ஷ 934 என்கிற ஓட்டக் காரை மொடலாகச் செய்ய வேண்டி வந்தபோது, படமும் அளவும் போதவில்லை என்று உண்மையான போர்ஷ 911 ஒன்றையே காசு கொடுத்து வாங்கி, கடைசித் திருகாணி வரைக்கும் பிரித்து அளந்தாராம். பிரித்ததைத் திரும்பப் பூட்டப் போர்ஷ மெக்கானிக்மாரைக் கூப்பிட வேண்டி வந்ததாம்! ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இப்படி ஒருவன் மினக்கெடுவானோ? அதனால்தான் இதை விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் சுள்ளென்று வரும்.

சரி, ஏன் ஸ்போர்ட்ஸ் கார்? லொறி இருக்குது, கப்பல் இருக்குது, யுத்த ராங்கி இருக்குது. யுத்த ராங்கி செய்ய எனக்கு விருப்பமில்லை, உண்மையானதைப் பார்த்தது போதும். ஸ்போர்ட்ஸ் காரில் எனக்குப் பிடித்தது, அதில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நியாயம் இருக்கும். இந்த எஃப்-40ஐயே எடுங்கள். பெராரி கொம்பனியின் 40 வருச நிறைவுக்காக 1987இல் வெளிவிட்ட கார். எஞ்சோ பெராரி உயிரோடு இருக்கும்போது வந்த கடைசிப் புதுக் கார் இதுதான் என்று சொல்லுவார்கள், அடுத்த வருசம் ஓகஸ்ட்டில் அவர் இறந்து போனார். பின்னுக்கு இருக்கிறது எட்டு சிலிண்டர் என்ஜின், இரண்டு ரேபோ, 478 குதிரைவலு. மணிக்கு 324 கிலோமீற்றர் ஓடும் என்றார்கள். எண்ணெய் தண்ணி ஊற்றாமல் நிறை 1100 கிலோ. இவ்வளவு வலு உள்ள காருக்கு இது சரியான குறைந்த நிறை. எப்படிக் குறைத்தார்கள்? இங்கேதான் விசயம்.

உள்ளுக்குப் பாருங்கள். கம்பளம் இல்லை. றேடியோ இல்லை. கதவுக்கு உட்பக்கம் கைபிடி கூட இல்லை. ஒரு கயிறு மட்டும் தொங்கும், அதை இழுத்தால் கதவு திறக்கும். அவ்வளவு காசுக் காருக்குக் கயிறு! என்ர மகனுக்குப் பதினொரு வயது. அவன் முதலில் கேட்டது, "அப்பா, இது உடைஞ்ச காரோ?" என்று. "இல்லை அப்பன், கைபிடி எவ்வளவு நிறை, கயிறு எவ்வளவு நிறை, யோசி" என்றேன். அதற்குப் பிறகு காரில் இல்லாத சாமான்களை எல்லாம் அவனே தேடித் தேடிச் சொல்லத் தொடங்கினான்.

உடம்பு இரும்பு இல்லை, காபனும் கெவ்லாரும் சேர்த்து நெய்த துணியைப் பசையில் தோய்த்து வார்த்தது. சிவப்பு நிறத்தைக் கூட நிறையைக் குறைக்கவென்று மெல்லிசாக அடித்தார்கள். அதனால் உண்மைக் காரைக் கிட்டப் போய் வெயிலில் பார்த்தால், சிவப்புக்குக் கீழே நெசவு இழை தெரியும். உள்ளே குனிந்து பார்த்தால் துண்டையும் துண்டையும் ஒட்டின பசை, ஒரு மாதிரிப் பச்சை நிறம், மூலைகளில் அப்படியே தெரியும். மறைக்க மினக்கெடவில்லை. மூடினால் அதுவும் நிறைதானே! உலகத்தில் பெரிய பணக்காரர்கள் வாங்குகிற காரில், எவனோ ஒரு தொழிலாளி பசை பூசின இடம் தெரியுது. எனக்கு அந்தக் காரில் ஆகப் பிடித்த இடம் அதுதான். 24இல் ஒரு பங்குக் காரில் அந்தப் பசையை ஒரு மயிர்த் தூரிகையால் பச்சையாகத் தொட்டு வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி மேசையில் இருக்குது, பிறகு வந்து பாருங்கள்.

இப்போது கொஞ்சம் வேலையைப் பற்றி. எல்லோரும் நினைக்கிறது பசை பூசி ஒட்டுவதுதான் வேலை என்று. ஒட்டுவது கடைசி வேலை. முதலில் சட்டங்களைச் சட்டி கழுவுகிற சவர்க்காரத்தில் கழுவ வேண்டும், அச்சில் இருந்து வந்த எண்ணெய்த் தன்மை போக. துண்டை வெட்டும்போது துண்டோடு சேர்த்து வெட்டக் கூடாது. கொஞ்சம் தள்ளிக் குறட்டால் வெட்டி, மிச்சத்தைப் பிளேட்டால் சீவி, 400, 800, 1000 என்று சான்ட் பேப்பரை மாற்றி மாற்றி உரச வேண்டும். அச்சின் முளை தள்ளின வட்ட அடையாளம், பிளாஸ்ரிக் ஆறும்போது இழுத்த பள்ளம், எல்லாம் தேடித் தேடி நிரப்ப வேண்டும். இதுகளை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. பிர்மாவில் தினமும் பார்க்கிற குறைகள்தான். போர்மன் திருப்பி அனுப்புகிற துண்டுகளில் எது எதற்காகத் திரும்பி வருகுது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது.

அடுத்தது நிறம். இதில்தான் கன பேர் கவிழுவார்கள். காரணத்தை நன்றாகக் கவனியுங்கள், குறிப்பாகக் கணக்குப் பிரியமான பிள்ளைகள். காரை 24 பங்கு சிறிதாக்கலாம், ஆனால் நிறத்தைச் சிறிதாக்க ஏலாது! உண்மையான காரில் நிறத்தின் தடிப்பு, எல்லாப் பூச்சும் சேர்த்து, ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். கணக்குப்படி மொடலில் அது 0.004 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அப்படி அடிக்க ஒருவராலும் ஏலாது. நாங்களும் அடிப்பூச்சு, நிறம், மேலே கிளியர் என்று அடித்தால் அதே 0.1 வந்து நிற்கும். இனிக் கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். உண்மையில் 4, 5 மில்லிமீற்றர். மொடலில் 0.2. இரண்டு பக்கச் சுவரிலும் 0.1, 0.1 ஆக நிறம் ஏறினால் என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை! கதவு காணாமல் போயிரும். சவர்க்காரக் கட்டி மாதிரி ஒரு கார் வரும். அதனால் நிறம் அடிக்க முதலே அந்தக் கோடுகள் எல்லாவற்றையும் பிளேட்டின் முதுகுப் பக்கத்தால் மெல்ல மெல்லக் கீறி ஆழமாக்க வேண்டும். அகலமாக்கக் கூடாது, ஆழம் மட்டும். கையை அழுத்தாமல் ஒரே கோட்டில் இருபது முறை இழுக்க வேண்டும். நைற் சிவ்ற் முடித்து வந்த அன்றைக்கு இதைத் தொடக் கூடாது, அது என்ர சட்டம்.

நிறம் தமியாவின் ரிஎஸ்-8, இத்தாலியன் சிவப்பு. ஸ்பிறே. சாம்பல் அடிப்பூச்சின் மேல் அடித்தால் சிவப்பு மங்கும், வெள்ளையின் மேல் அடித்தால் எழும்பும். முதல் இரண்டு தரம் தூசி மாதிரித்தான் விழ வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரேயடியாக அடித்தால் வழியும். பிறகு கிளியர். அதற்குப் பிறகு ஆகக் கஷ்டமான வேலை, அதாவது ஒரு கிழமை தொடாமல் இருப்பது. ஒரு பெட்டியால் மூடித் தட்டின் மேல் வைத்துவிடுவேன். பிறகு 2000க்கு மேற்பட்ட தாளால் தண்ணியில் உரசி, கொம்பவுண்ட் போட்டுத் துடைப்பது. விளிம்புகளில் உரசக் கூடாது, அங்கேதான் நிறம் முதலில் போகும். கையை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் இதில் கெட்டிக்காரன்.

ஒரு சின்னச் சண்டையும் சொல்ல வேண்டும். அந்தச் சிவப்புக்குக் கீழே தெரிகிற நெசவை மொடலிலும் காட்ட வேண்டும் என்று சிலர் நிற்பார்கள், அதற்கு என்னென்னவோ வலைத்துணி எல்லாம் பாவிப்பார்கள். நான் மாட்டேன். மொடலை ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மைக் காரை 24 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 24 அடி தள்ளி நின்றால் நெசவு தெரியுமோ? தெரியாது. தெரியாததைக் காட்டினால் அது திறமையைக் காட்டுவது, காரைக் காட்டுவது இல்லை. உள்ளுக்கு, இருக்கையின் கீழே, நிறம் அடிக்காத காபன் வெறுமையாகக் கிடக்குது, அங்கே காட்டலாம், அதற்கு ஒட்டுத்தாள் விற்குது.

பிறகு நுணுக்க வேலை. பெட்டிக்குள் வராத சாமான்கள். இந்தக் கிட்டில் பின்மூடி திறக்கும், என்ஜின் முழுக்கத் தெரியும். ஆனால் வயர்கள் வராது. காரின் ப்ளக் வயர் தடிப்பு 7 மில்லிமீற்றர், 24ஆல் பிரித்தால் 0.29. பழைய ஹெட்போன் வயரைச் சீவினால் உள்ளுக்குக் கிட்டத்தட்ட அந்த அளவில் நிறம் நிறமாகக் கிடக்கும், சும்மா எறிகிற சாமான். கதவுக் கயிற்றுக்கு மனுசியின்ர தையல் பெட்டியில் இருந்து கறுப்பு நூல், கேட்டுத்தான் எடுத்தது! பித்தளைத் தகட்டில் அரித்துச் செய்த நுண் துண்டுகளும் கடையில் இருக்குது, சில நேரம் அது கிட்டை விட விலை. நான் அதிகம் வாங்குகிறதில்லை. கிட்டுக்கு ஏறக்குறைய நாற்பது யூரோ, அதோடு நிறம், பசை. காசைக் கரியாக்கிறாய் என்று சொல்லுகிற அண்ணைமாருக்கு ஒரு கணக்கு: அது ஐந்து பெட்டி சிகரெட். ஐந்து பெட்டி எத்தனை நாளைக்கு என்று அவரவருக்குத் தெரியும். எனக்கு இந்த ஒரு கார் நாலரை மாதம் போயிருக்குது.

டோட்முண்ட் வெஸ்ற்பாலன் மண்டபத்தில் இன்டர்மொடல்பவ் என்று ஒரு பெரிய மொடல் கண்காட்சி நடக்கும். அநேகமாக ஏப்ரலில், எங்கட புத்தாண்டை ஒட்டியே வரும். ரயில், கப்பல், விமானம், எல்லாம் இருக்கும். ஒரு மூலையில் எங்கட மாதிரிப் பிளாஸ்ரிக் ஆக்கள். ஒரு முறை அங்கே ஒரு கழகத்தார் தங்கட மேசையில் என்ர காரை வைக்க இடம் தந்தார்கள். வெள்ளைத் தலை, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு ஜேர்மன்காரர் வந்து குனிந்தார். மூக்கு காரில் முட்டப் போகுது. நிறைய நேரம் பார்த்தார். நான் மனதுக்குள் ஆயத்தமாகிவிட்டேன். எங்கட ஆக்கள் எல்லோருக்கும் தெரியும் அடுத்த கேள்வி என்னவென்று. எந்த நாடு? எப்ப வந்தனீங்கள்? எப்ப திரும்பிப் போவீங்கள்? அதற்கு நாங்கள் வைத்திருக்கிற பதில், சிரித்துக்கொண்டு சொல்லுகிற பதில். அவர் நிமிர்ந்து கேட்டார்: "இந்த வயர் எதிலயிருந்து எடுத்தனீங்கள்?"

இந்த நாட்டில் இத்தனை வருசத்தில் என்னிடம் ஒரு அந்நியர் கேட்ட முதல் கேள்வியாக ஊர் இல்லாமல் வேலை இருந்தது அன்றைக்குத்தான். அவர் கடைசல் மெசினில் வேலை செய்து பென்சன் எடுத்தவராம். அரை மணித்தியாலம் கதைத்தோம். என்ர டொச் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் குறடு, அரம், பிசிறு, துளை, 0.3 என்கிற சொற்கள் எனக்கு பிர்மாவில் இருந்தே தண்ணி பட்ட பாடு. அன்றைக்கு அவருக்கு நான் சொல்லி விளங்காதது ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்று. இது வெள்ளைக்காரன்ர வேலை, எங்கட ஆக்களுக்கு என்னத்துக்கு என்று ஒரு ஐயா போன கிழமை கேட்டார். ஐயா பின்னால் இருக்கிறார், கோவிக்கக் கூடாது. 90களில் பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பற்றி இல்லை. மொறிஸ் மைனரும் ஏ-40உம் மண்ணெண்ணெய் மணத்தோடு புகை கக்கிக்கொண்டு ஓடின காலம். நாங்கள் சின்னப் பிள்ளைகள். எங்களுக்குக் கடையில் ஒரு விளையாட்டுச் சாமானும் கிடையாது. மீன் ரின்னை வெட்டி உடம்பு, பாட்டாச் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லு, குடைக் கம்பியில் அச்சு. சில்லு ஆடாமல் ஓட வேண்டும் என்றால் துளை நடுவில் விழ வேண்டும் என்று எங்களுக்கு எந்த வாத்தியார் சொல்லித் தந்தார்? எங்கட தெருவில் ஒரு பெடியன் மொறிஸ் மைனரின் முன் லைற்றை சோடா மூடியால் செய்து வைத்திருந்தான். அதைப் பார்க்க அடுத்த ஒழுங்கையில் இருந்து பெடியள் வருவார்கள். அவன்தான் நான் கண்ட முதல் மொடல்காரன். 1995 ஒக்ரோபரில் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டபோது அந்தக் காரை அவன் கொண்டு போனானோ தெரியாது. மொறிஸ் மைனர் ஒன்று செய்யச் சொல்லி அந்த ஐயாவே பிறகு என்னைக் கேட்டார். ஏ-40க்குக் கிட் நான் இன்னும் காணவில்லை, கண்டால் முதல் பெட்டி ஐயாவுக்குத்தான்.

இனி நான் கேட்க வந்த விசயம்.

எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளில் இருக்க இடமில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயது வந்ததும் பெடியள் எங்கே போகிறார்கள்? மண்டபத்துக்கு வெளியே படிக்கட்டில் ரெலிபோனோடு இருக்கிறார்கள், இல்லாவிட்டால் வருவதே இல்லை. தகப்பன்மார் மூன்று சிவ்ற். தகப்பன் வரும்போது மகன் பள்ளிக்கூடம், மகன் வரும்போது தகப்பன் நித்திரை. கதைத்தாலும் என்ன கதைக்கிறது? "சாப்பிட்டியோ, படிச்சியோ." அவன் "யா, யா" என்பான். கதை முடிந்தது. என்ர வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, வேறு வீட்டைச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

மேசையில் கார் இருந்தால் வேறு மாதிரி. இரண்டு பேரின் கண்ணும் காரில். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தால் பெடியள் நன்றாகக் கதைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களோ? "சாவணத்தைத் தா. அந்த முளையை இந்தத் துளைக்குள்ள விடு. மட்டமா இருக்குதோ பார். அமத்தாதை, உரசு. இன்னும் பிசிறு கிடக்கு." இந்தச் சொற்கள் ஒன்றும் அவன்ர தமிழ்ப் புத்தகத்தில் இல்லை. நான் படிப்பிக்கவும் இல்லை. கை போகிற வழியில் சொல்லும் போகுது. போன மாதம் அவன் என்னைக் கேட்கிறான், "அப்பா, பிசிறுக்கு டொச்சில என்ன?" என்று. மற்றப் பக்கமாகக் கேட்டான், பாருங்கள்! கிராட் என்று சொன்னேன். பிர்மாவில் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் கேட்கிற சொல். என்ர வேலையைப் பற்றி அவன் கேட்டது அன்றைக்குத்தான். அரை நிமிசத்துக்கு ஒரு துண்டு என்று சொன்னேன். கணக்குப் பார்த்தான். "ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் கிட்டவோ?" என்று கேட்டுப் போட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

ஆகவே மாதத்தில் கடைசிச் சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்த பிறகு இரண்டு மணித்தியாலம், இந்த மண்டபத்தில் ஒரு மேசை தாருங்கள் என்று நிர்வாக சபைக்கு எழுதிக் கொடுத்தேன். சபையில் இரண்டு கருத்து. அந்த நேரத்துக்குக் கணித ரியூசன் வைக்கலாம் என்று ஒரு பக்கம். எங்கட பிள்ளைகளுக்கு ரியூசன் இல்லாத நாள் கிழமையில் ஒன்று மிச்சம் இருந்தால் காட்டுங்கள், நான் விலகிக்கொள்ளுகிறேன். அதோடு, இன்றைக்கு இங்கே 24ஆல் பிரித்ததும் கணிதம்தான். அந்த இரண்டு மணித்தியாலத்தில் தகப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். ரியூசனில் அது நடக்காது.

மற்றப் பக்கம் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. பசை மணம், ஸ்பிறே, பிளேட். அதற்குப் பதில் வைத்திருக்கிறேன். மண்டபத்துக்குள் ஸ்பிறே அடிக்கப்படாது, ஒரு போதும். தண்ணியில் கரைகிற அக்ரிலிக் நிறம், தூரிகை மட்டும். உடம்புக்கு ஸ்பிறே வேண்டும் என்றால் நான் கொண்டு போய் வீட்டு முற்றத்தில், முகமூடி போட்டு அடித்துக்கொண்டு வருவேன். பசை பூசும்போது யன்னல் திறந்து இருக்கும், பனி கொட்டினாலும் திறந்துதான் இருக்கும், சுவெற்றர் போட்டுக்கொண்டு வாருங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிளேட் கையில் கொடுக்க மாட்டேன். அவர்களுக்குப் பசை இல்லாமல் பூட்டுகிற கிட் இருக்குது, அதில் தொடங்கலாம். பெண் பிள்ளைகளுக்கும்தான், பெடியளுக்கு மட்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அக்காமார் சிலர் இப்போதே கேட்டுவிட்டார்கள். சங்கக் காசு ஒரு சதமும் கேட்கவில்லை. கிட்டைத் தகப்பன் வாங்க வேண்டும், குறடும் சான்ட் பேப்பரும் நான் கொண்டு வருவேன். ஒரு நிபந்தனை மட்டும்: பிள்ளையைக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போக ஏலாது. தகப்பனோ தாயோ பக்கத்தில் இருக்க வேண்டும். கார் ஓட்டத் தெரியாதவர்களும் வரலாம்!

வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். விருப்பமானவர்கள் பெயரும், எந்த சிவ்ற் என்றும் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் நேரம் மாற்ற முடியும். பத்துப் பெயர் வந்தால் மண்டபத்தைத் தருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார், சபைக்கு முன்னால் சொல்லுகிறேன், இனி அவர் மாற ஏலாது. இப்போது தேத்தண்ணிக்கு எழும்பலாம். இந்த மேசைக்கு வருகிற பிள்ளைகள் காரின் உடம்பில் கை வைக்க வேண்டாம், விரல் எண்ணெய் படும். பின்மூடியை நான் திறந்து காட்டுவேன். எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.